கோடை லீவில் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகம் எடுக்க: பர்மாத் தமிழ் வீடுகளுக்குச் சில யோசனைகள்

மார்ச்சில் பரீட்சை முடிந்தால் நம் ஊரில் ஜூன் வரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த மூன்று மாதத்தையும் எப்படி ஓட்டுவது என்று பெற்றவர்களுக்குத்தான் கவலை. அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே ஆரம்பித்துவிடுகிற டியூஷன் காலையில், கோவிலில் தமிழ் வகுப்பு சாயங்காலம், மிச்ச நேரமெல்லாம் போன். இதற்கு மேல் "புத்தகமும் படி" என்று ஒரு வேலையைச் சேர்த்தால் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்யும். ஏனென்றால் அதற்குத் தெரிந்த படிப்பெல்லாம் ஒப்பிக்கிற படிப்புதான்: பள்ளியில் சயாமா (ஆசிரியை) ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுக்க ஒரே குரலில் திருப்பிச் சொல்லும், கோவில் வகுப்பிலும் குறளையும் தேவாரத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை, குறள் மனதில் நிற்க வேறு வழியும் இல்லை. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பக்கத்தைப் புரட்டுவது வேறு பழக்கம். அது ஒப்பிப்பதால் வராது.

அதனால் லீவு தொடங்கும்போதே வீட்டில் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். இந்த மூன்று மாதம் பிள்ளை எதைப் படித்தாலும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. "என்ன புரிந்தது, சொல்லு பார்ப்போம்", "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்" எதுவும் வேண்டாம். சித்தப்பா வந்தால் படித்துக் காட்டச் சொல்வதும் வேண்டாம். பிள்ளையே வந்து கதையைச் சொன்னால் சமையல் வேலை கிடந்தாலும் காது கொடுங்கள், அது போதும்.

அடுத்து எல்லாரும் கேட்பது, எந்த மொழியில் படிக்கவைப்பது என்று. பிள்ளைக்கு இப்போது எது தடுக்காமல் வருகிறதோ அதில். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பர்மிய மொழிதான். தமிழ் வகுப்பு நடத்துகிற சிலருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் பர்மியக் கார்ட்டூன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காரும் பிள்ளையைப் பார்த்து "அதை வை, தமிழைப் படி" என்று சொன்னால் இரண்டும் போய்விடும். கதைக்குள் மூழ்கத் தெரிந்த பிள்ளை அதை எந்த மொழிக்கும் தூக்கிக்கொண்டு போகும். தமிழை எப்படிக் கொண்டுவருவது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தை யார் எடுப்பது? பிள்ளைதான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இருவர் ஃபுளோரிடா மாநிலத்து ஏழைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். மூன்று கோடை லீவுகளுக்கு, லீவுக்கு 12 புத்தகம், அதுவும் பிள்ளைகளே பொறுக்கி எடுத்தவை. டியூஷன் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கிடைக்காதவர்களைவிட நன்றாக இருந்தது, அதிலும் மிகவும் ஏழையான பிள்ளைகளுக்குத்தான் பலன் கூடுதல். அவர்கள் எடுத்ததில் சினிமா, பாட்டு, விளையாட்டு நட்சத்திரங்களைப் பற்றியவை நிறைய என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், நாம் எடுத்திருந்தால் தலைவர்கள் வரலாறும் நீதிக்கதையும்தான் இருந்திருக்கும்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. 37-ஆம் தெருவில் பழைய புத்தகக் கடைகள், பன்சோடான் நடைபாதையில் தரையில் விரித்த புத்தகங்கள், பக்கத்திலேயே மர்ச்சண்ட் சாலையில் சாப்பே பெய்க்மான் என்கிற அரசுப் புத்தக நிலையம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் பிள்ளையைக் கூட்டிப்போய், இவ்வளவுதான் என்று பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பேய்க்கதை எடுக்கும். கால்பந்துப் பத்திரிகை எடுக்கும். எடுக்கட்டும், முகத்தில்கூட எதையும் காட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஷ்வே த்வே' சிறுவர் இதழின் பழைய பிரதிகள் கட்டாகக் கிடைத்தால் வாங்கிப்போடுங்கள். படமும் துணுக்கும் கதையுமாக இருப்பதால் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் நுழையலாம், எங்கே வேண்டுமானாலும் விட்டுவிடலாம். உங்கள் பேட்டையில் வாடகைப் புத்தகக் கடை இன்னும் ஒன்று உயிரோடு இருந்தால் அதுதான் மலிவான வழி. எத்தனையோ பர்மியப் பிள்ளைகளை வாசகர்களாக்கியது அந்தச் சின்னக் கடைகள்தான். நாளைக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற அவசரமே படிக்கத் தூண்டும்.

புத்தகம் கஷ்டமாக இருக்குமோ என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அது தனியாகப் படிக்கிற புத்தகம் இல்லை, யாராவது படித்துச் சொல்லவேண்டியது. அப்புறம், பாதியில் விட்டால் விட்டதுதான். காசு கொடுத்து வாங்கியது என்று முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அடுத்த புத்தகத்தை எடுக்கவே பயப்படும்.

தமிழ்ப் புத்தகம்தான் நமக்குப் பஞ்சம். ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளே அச்சாகி வந்த ஊர் இது, பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் 'தன வணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தது இதே ரங்கூனில்தான். இன்றைக்கு ஒரு சிறுவர் கதைப் புத்தகம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஜனவரி வாக்கில் சென்னையில் புத்தகக் காட்சி நடக்கும். அந்தச் சமயம் யாராவது போனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மார்ச்சுக்குள் கைக்கு வந்துவிடும். தடிமனான புத்தகம் கேட்காதீர்கள். பதினாறு, இருபத்துநான்கு பக்கப் படக்கதைகள் பத்து சேர்ந்தாலும் பெட்டியில் ஒரு புடவை இடம்தான் பிடிக்கும்.

பெட்டியை நம்பியே இருக்கவும் வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இலவசமாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை போட்டிருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது என்றால் முதல் நிலையிலிருந்தே ஆரம்பியுங்கள், ஆனால் "இது சின்னப் பிள்ளைக் கதை" என்று சொல்லிவிடாதீர்கள், தம்பிக்குப் படித்துக்காட்ட என்று கொடுத்தால் மானம் போகாது. ஆசியா ஃபவுண்டேஷனின் லெட்ஸ் ரீட் என்கிற செயலியில் பர்மிய மொழிக் கதைகளும் இருக்கின்றன, தமிழ்க் கதைகளும் இருக்கின்றன. ஒரே கதை இரண்டிலும் கிடைத்தால் நம் வீட்டுக்கு அதுபோல் வசதி வேறில்லை. முதல் நாள் பர்மிய மொழியில் படித்துவிட்டால் மறுநாள் தமிழில் அதே படத்தைப் பார்க்கும்போது என்ன எழுதியிருக்கும் என்று பாதி ஊகித்துவிடும், எழுத்து மட்டும்தான் புதிது. மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே அதிகமும் பழைய இலக்கியம், அது உங்களுக்கும் எனக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லை.

இணையம் நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து இறக்கி வைத்துக்கொண்டு, ஒளிநகல் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து நடுவில் பின் அடித்துவிடுங்கள். போனில் படிக்கலாமே என்றால் படிக்கலாம்தான், ஆனால் போனில் கதைக்குப் பக்கத்திலேயே விளையாட்டும் இருக்கிறது, கதை தோற்றுப்போகும். தாளில் இருந்தால் படத்துக்கு வண்ணம் தீட்டவும் முடியும், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளவும் முடியும்.

சரி, வீட்டில் தமிழ் நன்றாகப் பேசும், சீரியல் பார்க்கும், ஆனால் எழுத்தைப் பார்த்தால் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வது? நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மிக எளிதான தமிழ்ப் புத்தகம் அதன் வாயிலேயே இருக்கிறது. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயமாக இருந்தால் சொல்லவே வேண்டாம், கொட்டும். "நேத்து பிக்அப்ல போனோம். எம் மேல ஐஸ் தண்ணிய ஊத்திட்டாங்க. மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு." இதை அப்படியே, ஒரு எழுத்தும் திருத்தாமல், பெரிய எழுத்தில் எழுதுங்கள். நடுவில் பர்மியச் சொல் வந்தால் அதையும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பிறகு விரலை வைத்து நீங்கள் ஒரு தடவை படியுங்கள், இரண்டாம் தடவை சேர்ந்து படியுங்கள், மூன்றாம் தடவை பிள்ளையே படித்துவிடும், தான் சொன்னதுதானே. மனப்பாடமாகத்தான் சொல்கிறது என்று தோன்றினால் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள், அங்கேதான் உண்மையாக எழுத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்.

மூன்று நான்கு வரி போதும், அதற்கு மேல் எழுதினால் பாடமாகிவிடும். வாரத்தில் சில நாள் செய்தாலும் லீவு முடிவதற்குள் தைத்து அட்டை போடுகிற அளவுக்குத் தாள் சேர்ந்துவிடும், அட்டையில் பிள்ளையின் பெயரை ஆசிரியர் என்று போடுங்கள். பேச்சு வழக்கில் எழுதினால் பிழையான தமிழ் பழகிவிடாதா என்று தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுத்து வழக்கை வகுப்பில் எப்படியும் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறார்கள். வீட்டில் பேசுகிற பேச்சும் இந்த எழுத்துக்குள் அடங்கும் என்பது முதலில் பிள்ளைக்குத் தெரியட்டும்.

இதைவிடச் சின்னப் பிள்ளையானால் ஒரு சொல்லே போதும். நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு அந்தச் சொல் அடையாளம் தெரியாவிட்டால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார், குற்றம் பிள்ளையுடையது அல்ல, அந்தச் சொல் அதன் மனதில் இல்லை, அவ்வளவுதான். பயமும் பாசமும் சம்பந்தப்பட்ட சொற்கள்தான் சீக்கிரம் பதிந்தனவாம். நம் பிள்ளைகள் அணில், ஆடு, இலை கேட்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பேய், அப்பத்தா, சண்டை, நாய், ஐஸ் என்று வரும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை விடாதீர்கள். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்வதற்கு முன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தா, பாட்டி இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். கண் மங்கியிருந்தால் பிள்ளைதான் படித்துச் சொல்லவேண்டும், அதுவும் நல்லதுதான்: திருத்துகிற ஆசிரியருக்கு முன் படிப்பதற்கும், கதை கேட்க ஆசைப்படுகிற பாட்டிக்குப் படித்துச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாதென்றால் கதை சொல்லச் சொல்லி மேலே சொன்ன மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்த கதை, ஜப்பான்காரன் குண்டு போட்ட கதை, நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களின் கதை எல்லாம் அவர்கள் காதில் கேட்டு வைத்திருப்பதுதான். மோல்மேனிலும் தட்டோனிலும் பெகுப் பக்கத்துக் கிராமங்களிலும் புத்தகக் கடை இல்லாவிட்டாலும் இதற்குக் குறைவில்லை.

அப்பா அம்மா உரக்கப் படித்துச் சொல்வதும் இதில் சேர்த்தி. ஐந்து வயதோடு நிறுத்திவிடுகிறோம், பத்து பன்னிரண்டு வயதிலும் பிள்ளைகள் கேட்பார்கள், அதுவும் தானே படிக்க முடியாத தமிழில் என்றால் இன்னும் ஆசையாகக் கேட்பார்கள். பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மூடாமல் கவிழ்த்துவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போங்கள். உங்களுக்கே தமிழ் வாசிக்க வராதென்றால் பர்மிய மொழியில் படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டையும் பயன்படுத்தலாம். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர் தொலைக்காட்சிப் பாட்டுகளுக்கு அதே மொழியிலேயே வரிகளைக் கீழே ஓடவிட்டால் பார்க்கிறவர்கள் தன்னையறியாமல் வாசிக்கப் பழகுவார்கள் என்று சொல்லி 1999-இல் குஜராத்தில் தொடங்கிவைத்தார், பிறகு அது பல மாநிலங்களுக்குப் போனது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சினிமாப் பாட்டு வரி தப்பாமல் தெரியும். தமிழ் எழுத்தில் வரி ஓடுகிற வீடியோவாகத் தேடிப் போடுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடுகிறது வேண்டாம். பிடித்த பாட்டை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் நம் அக்காமார்களுக்கு இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

நேரம் என்று பார்த்தால், கோடையில் நம் ஊர் மத்தியானம் வெளியே விளையாடுகிற நேரமில்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மத்திய பர்மாவின் சௌக் நகரத்தில் 48.2 டிகிரி அடித்தது. ரங்கூன் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் நாய்கூடத் தலைகாட்டாது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் பாயில் சாயும் அந்த நேரம்தான் வாசிப்புக்கு நல்லது. மின்சாரம் போன நேரமும் அப்படியே, டிவி கிடையாது, போனில் சார்ஜும் கிடையாது. ஜன்னல் ஓரம், வாசற்படி, காற்று வருகிற இடம் எதுவோ அங்கே புத்தகக் கூடையை வையுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அழகாக இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். திஞ்சான், சித்திரை வருடப்பிறப்பு எல்லாம் சேர்ந்து வரும் அந்த வாரத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். பிள்ளை நனையட்டும்.

பரிசு கொடுக்கலாமா என்பதில் எனக்குப் பலரோடு ஒத்துவராது. இத்தனை புத்தகம் படித்தால் சைக்கிள், இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று பேரம் பேசுவது வேண்டாம் என்பதே என் கட்சி. 1973-இல் வெளிவந்த லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவரின் ஆய்வு ஒன்று உண்டு. ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசுப் பேச்சே இல்லாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். எதிர்பார்க்காமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு இப்படி ஆகவில்லை. ஆகவே கொடுக்கத் தோன்றினால் சொல்லாமல் கொடுங்கள், இன்னொரு புத்தகமாகவே கொடுங்கள். சுவரில் அட்டவணை ஒட்டி நட்சத்திரம் குத்துவதையும் நான் சேர்க்கமாட்டேன், அண்ணன் நட்சத்திரத்தைத் தம்பி எண்ணுவதில்தான் அது முடியும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லீவே டியூஷனில் கரைகிறவர்களிடம் புதிதாக ஒன்றைத் திணிக்க வேண்டாம். தம்பி தங்கைக்குப் படித்துச் சொல்லும் வேலையைக் கொடுங்கள், கோவில் வகுப்பில் சின்னவர்களின் பேச்சை எழுதிக்கொடுக்கும் பொறுப்பையும் கொடுங்கள். மதிக்கிறார்கள் என்று தெரிந்தால் செய்வார்கள்.

கோவில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடுகிற இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். அச்சடித்துப் பின் அடித்த கதைகள், வீடுகளில் சும்மா கிடக்கும் புத்தகங்கள், பிள்ளைகளே எழுதித் தைத்தவை எல்லாம் அதில் போகட்டும், பர்மியப் புத்தகமும் சேரட்டும். பேரேடு, கையெழுத்து, அபராதம் எதுவும் வேண்டாம். தொலைவது தொலையும், கிழிவது கிழியும், ஒளிநகல்தானே, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கிவிடும் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் போட்டு வையுங்கள்.